ஊசித் திருகும் நைட்ரோ டிரக்கும்

டிராக்ஸஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1999-இல் டி-மேக்ஸ் என்றொரு ரிமோட் டிரக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நான்கு கிலோவுக்கு மேல் எடை, முள்முள்ளாய்ப் பெரிய டயர்கள், சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு ஷாக் அப்சார்பர்கள், நான்கு சக்கரங்களுக்கும் விசை, இரண்டு கியர். ரிமோட்டில் சொன்னால் பின்பக்கமாகவும் வரும். மேடு, பள்ளம், புழுதி என்று எதிலும் ஏறி ஓடிய அந்த வண்டிக்குள் இருந்தது இரண்டரை சி.சி. அளவுள்ள, எண்ணெய்ப் புகை கக்கும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பிறகு வந்த வடிவங்களில் அது 3.3 சி.சி.யாக வளர்ந்தது, வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொட்டது. நைட்ரோ டிரக் எனப்படும் இந்த வகை, பந்தயக்காரர்களைத் தாண்டிச் சாதாரண ஆர்வலர்களின் கைக்கு வந்ததில் டி-மேக்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

வெறும் வேகம்தான் வேண்டும் என்றால் இன்றைய பேட்டரி டிரக்குகள் இதை எளிதாக முந்திவிடும். சார்ஜ் ஏற்றி, சுவிட்சைப் போட்டு ஓட்டலாம். நைட்ரோவை வாங்குகிறவர் ஓர் எஞ்சினோடு பழகுவதற்காகவே வாங்குகிறார். அந்தப் பழக்கம் முழுவதும் கார்புரேட்டரில் உள்ள ஒரு சின்ன ஊசித் திருகைச் சுற்றியே நடக்கிறது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, டேங்கில் என்ன ஊற்றுகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் மோட்டார் சைக்கிளில் எரிவதற்குப் பெட்ரோல், வழுவழுப்புக்குத் தனியாக ஆயில், தீப்பொறிக்கு ஸ்பார்க் பிளக், அது எந்தக் கணத்தில் பொறி விட வேண்டும் என்று கணக்கிட ஒரு மின்சுற்று என எல்லாம் தனித்தனி. நைட்ரோ எஞ்சினில் இந்தப் பிரிவினை கிடையாது. டேங்கில் இருப்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த ஒரே திரவம். டிரக்குகளுக்கான கலவையில் நைட்ரோமீத்தேன் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம் இருக்கும். விளக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ இரண்டுமோ 10 சதவீதத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருக்கும். மீதி மெத்தனால்.

இதில் நைட்ரோமீத்தேனின் வேலை விசித்திரமானது. ஒரு கிலோவை எரித்தால் பெட்ரோல் தரும் வெப்பத்தில் கால்பங்கு அளவுதான் அது தரும். ஆனால் அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். எஞ்சின் ஒரு மூச்சில் இழுக்கும் காற்று அளவானதுதான். அதே காற்றில் எட்டு மடங்கு அதிக எரிபொருளை எரிக்க முடிகிறபோது, மொத்தத்தில் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைப் போல் இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. மெத்தனாலுக்கு இன்னொரு குணம் உண்டு. ஆவியாகும்போது அது பெட்ரோலைவிடப் பல மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆக, உள்ளே போகும் ஒவ்வொரு துளியும் எஞ்சினைக் குளிரவைத்துவிட்டுத்தான் எரிகிறது.

அடுத்தது தீ மூட்டுவது. இங்கே ஸ்பார்க் பிளக் இல்லை. குளோ பிளக் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் மாதிரி விமானம் பறக்கவிட்டவர்கள் பேட்டரி, காயில், கண்டென்சர் எல்லாவற்றையும் விமானத்திலேயே சுமந்து பறக்கவைக்க வேண்டியிருந்தது. 1947-இல் அமெரிக்கரான ரே ஆர்டன் குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்து அந்தச் சுமையை இறக்கினார். அதற்குள் இருப்பது பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் கொடுத்துக் கம்பியைச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்சாரத்தை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தைத் தொடும்போது வினையூக்கத்தால் வெப்பம் பிறக்கிறது. எரிதலின் சூடும் சேர்ந்துகொள்ள, கம்பி தானாகவே கனன்றுகொண்டிருக்கும். நிமிடத்துக்கு 30,000 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 500 முறை அந்தக் கம்பி தீ மூட்டுகிறது.

தீ எப்போது பற்ற வேண்டும் என்று சொல்ல இங்கே எந்தக் கருவியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கம்பி எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. எரிபொருள் அதிகமாக வந்தால் கம்பி குளிர்ந்து தாமதமாகப் பற்றும். குறைந்தால் கம்பி சூடேறி முன்கூட்டியே பற்றும். ஆக, ஊசித் திருகைக் கொஞ்சம் மூடும்போது நான்கு காரியங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன: எரிவதற்கான கலவை, குளிர்ச்சி, பிஸ்டனுக்குப் போகும் எண்ணெய், தீப்பற்றும் நேரம். இந்த எஞ்சினின் அழகும் ஆபத்தும் இதுதான். மிக வேகமாக ஓடும் கட்டமும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் கட்டமும் அடுத்தடுத்து இருக்கின்றன.

புது எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தால் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் இறுக்கமாக நிற்கும். பழுது என்று பயப்பட வேண்டாம். இந்த எஞ்சின்களில் பிஸ்டன் ரிங் கிடையாது. குரோம் பூசிய பித்தளை ஸ்லீவுக்குள் அலுமினியப் பிஸ்டன் ஓடுகிறது. ஸ்லீவின் மேல்பகுதி வேண்டுமென்றே சற்றுக் குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். ஓடும்போது மேல்பகுதி அதிகம் சூடாகி விரிந்து, சரியான இடைவெளிக்கு வந்துவிடும். அதனால் குளிர்ந்த நிலையில் எஞ்சினை வலுக்கட்டாயமாகச் சுற்றுவது அதைத் தேய்ப்பதுதான். தலைமுடி உலர்த்தும் டிரையரால் முதலில் சூடேற்றிவிட்டு ஸ்டார்ட் செய்வது நல்லது. முதல் நாலைந்து டேங்க் எரிபொருளைக் கொஞ்சம் ரிச்சாக, அதாவது எரிபொருள் தாராளமாக வரும்படி வைத்து, விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். நின்ற இடத்திலேயே கட்டியாகப் புகை கக்கியபடி குளிர்ந்தே ஓடவிடும் பழைய முறையை நான் ஏற்பதில்லை. ஸ்லீவ் விரியும் அளவுக்குச் சூடு வராவிட்டால் புது எஞ்சின் பழகுவதற்குள்ளேயே தேய்ந்துவிடும்.

கார்புரேட்டரில் மூன்று திருகுகள். உயர்வேக ஊசி, தாழ்வேக ஊசி, ஐட்லிங் திருகு. ஊசிகளை வலப்பக்கம் சுற்றினால் எரிபொருள் குறையும். இடப்பக்கம் சுற்றினால் கூடும். எத்தனை சுற்றுத் திறந்து தொடங்க வேண்டும் என்பதை எஞ்சினோடு வரும் புத்தகம் சொல்லும். அங்கிருந்து ஒரு நேரத்தில் அரைக்கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவராமல் திருப்புளியைத் தொடவே கூடாது. குளிர்ந்த எஞ்சின் சொல்வது எதையும் நம்ப முடியாது.

முதலில் உயர்வேக ஊசி. நீளமான இடத்தில் வண்டியை முழு வேகத்தில் விட்டு, காதையும் கண்ணையும் அதிலேயே வைக்க வேண்டும். கட்டியாகப் புகை வந்து, சத்தம் கரகரத்து, வேகமெடுக்கத் திணறினால் ரிச். சத்தம் சுத்தமாக ஏறி, பின்னால் மெல்லிய நீலப்புகை ஒரு கோடாகத் தொடர்ந்தால் சரி. புகையே தெரியாமல் கீச்சென்று ஏறிய சத்தம் பாதி தூரத்தில் சோர்ந்து விழுந்தால் லீன், எரிபொருள் போதவில்லை. உடனே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஊசியைத் திறக்க வேண்டும். அந்தப் புகைக்கோடு அழகுக்கு இல்லை. எரியாத எண்ணெய் பிஸ்டனைத் தொட்டுவிட்டு வெளியே வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

பிறகு தாழ்வேக ஊசி. வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது கார்புரேட்டருக்குப் பக்கத்தில் எரிபொருள் குழாயை விரலால் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு மூன்று வினாடி ஓடி, சத்தம் லேசாக ஏறி, அணைந்தால் அளவு சரி. பிடித்ததுமே அணைந்தால் லீன். நெடுநேரம் ஓடி, சத்தம் வெகுவாக ஏறினால் ரிச். இன்னொரு தடயம், வேகமாக வந்து பிரேக் போட்டதும் கிடைக்கும். எஞ்சின் சற்றுநேரம் உயர்ந்த சுற்றிலேயே நின்று பிறகு மெல்ல இறங்கினால் லீன். தடாலென்று இறங்கி அணைந்தால் ரிச். கடைசியில்தான் ஐட்லிங் திருகு. பலர் அணையும் எஞ்சினை ஐட்லிங்கைக் கூட்டி உயிரோடு வைக்கப் பார்ப்பார்கள். அது ஊசியில் உள்ள குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

வெப்பமானி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. பிளக்கைச் சுற்றியுள்ள தலைப்பகுதி ஏறக்குறைய 100 முதல் 120 டிகிரி செல்சியஸ் காட்டினால் கவலை இல்லை. ஆனால் எண்ணைப் பார்த்து ட்யூன் செய்யாதீர்கள். வெயிலில் 125 காட்டியபடி நல்ல புகையோடு ஓடும் எஞ்சின் நலமாக இருக்கலாம்; குளிர்ந்த காற்றில் 95 காட்டும் எஞ்சின் லீனாகவும் இருக்கலாம். காலையில் காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருப்பதால் ஆக்சிஜன் அதிகம். ஊசியைத் திறக்க வேண்டும். மதிய வெயிலிலும் ஈரக்காற்றிலும் மலைமேலும் ஆக்சிஜன் குறைவு, கொஞ்சம் மூடலாம். நேற்று சரியாக இருந்த ட்யூனிங் இன்று தவறிப்போவதில் மர்மம் ஏதுமில்லை.

திருகத் திருக ட்யூனிங் நிலைக்காமல் அலைந்தால் ஊசியை விட்டுவிட்டு ஓட்டையைத் தேடுங்கள். புகைக்குழாயிலிருந்து டேங்குக்கு ஒரு சிறு குழாய் போகும். அந்த அழுத்தமே எரிபொருளை மேலே தள்ளுகிறது. டேங்க் மூடி சரியாக அமரவில்லை, எரிபொருள் குழாயில் ஊசித்துளை, கார்புரேட்டர் அடியில் காற்றுக் கசிவு, எண்ணெய் தோய்க்காத ஏர் ஃபில்டர் இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். கடைசியில் சொன்னது கொலைகாரன். ஃபில்டரைக் கடந்த புழுதி சில டேங்குகளிலேயே ஸ்லீவை அரைத்துவிடும்.

அடிச்சட்டத்தைச் சீர்செய்வது இதைவிட எளிது. கிளட்ச் பெல்லுக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு தாள் துண்டைக் கொடுத்து இறுக்கி, தாளை உருவினால் பற்களுக்கிடையே சரியான இடைவெளி கிடைத்துவிடும். வண்டியைக் கீழே போட்டு அமுக்கிவிட்டால் சக்கரத்துக்குப் போகும் தண்டுகள் ஏறக்குறைய தரைக்கு இணையாக நிற்க வேண்டும். பிடிப்பான மண்ணில் டிரக் அடிக்கடி கவிழ்ந்தால் உயரத்தைக் குறைத்துப் பாருங்கள். குதித்து இறங்கும்போது அடி தட்டினால் ஷாக்கில் கெட்டியான எண்ணெய் வேண்டும். வண்டி அந்தரத்தில் இருக்கும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மூக்கு மேலெழும். பிரேக் பிடித்தால் மூக்கு தாழும். சுழலும் சக்கரங்களின் எதிர்வினை அது. அதைக் கற்றுக்கொண்ட பிறகு ஒவ்வொரு மேடும் ஒரு பாடம்.

ஓட்டுவதற்குமுன் ஒன்றை மட்டும் சோதிக்காமல் விடாதீர்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ரிமோட்டில் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தபடியே ரிமோட்டை அணையுங்கள். வண்டியில் ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் இயக்கும் சர்வோ மோட்டார் பிரேக் நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், சிக்னல் அறுந்த வண்டி முழு வேகத்தில் ஆட்கள்மேல் பாயும். எரிபொருளிலும் அதே எச்சரிக்கை வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால்தான் இந்தக் கேனிலும் இருக்கிறது. தோலிலும் ஊறும், அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி, இறுக மூடி வையுங்கள். மூடாத கேனில் மெத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு கெட்டுப்போகும்.

ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலிசெய்து, எஞ்சினில் மிஞ்சியிருப்பதும் எரிந்து தீரும்வரை ஓடவிடுங்கள். நைட்ரோமீத்தேன் எரிந்த மிச்சம் அமிலமாகி, மெத்தனால் இழுத்த ஈரத்தோடு சேர்ந்து பேரிங்குகளைத் துருவேற்றும். பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டுப் பாதுகாப்பு எண்ணெய் விட்டு, எஞ்சினைச் சில சுற்றுச் சுற்றிவிட்டு, சூடு ஆறுவதற்குள் பிஸ்டனை அடிநிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். உச்சியில் நின்றபடி ஆறினால் ஸ்லீவ் சுருங்கிப் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். அடிநிலை எது என்று தெரிய ஃபிளைவீலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும்.