கடல் விலகிய ஊர்கள்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குக் கொமுட்டர் ரயில் நாள் முழுவதும் சென்று வருகிறது. ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான். வேலைக்கும் கல்லூரிக்கும் செல்வோரே அதில் மிகுதி. ஊர் பார்க்க வேண்டும் என்று ஏறுபவர் சிலர். அதுவும் தனியாக ஏறுபவர் மிகச் சிலர். ஆயினும், மலேசியாவின் மேற்குக் கரையில் உள்ள பழம்பெரும் கடலோர ஊர்களைக் காண விரும்புவோருக்கு இந்த ரயிலே நல்ல தொடக்கம்.

கடலோரப் பழநகரங்கள் என்றதும் பலரின் நினைவுக்கு வருவது ஐரோப்பாவின் ஆட்ரியாட்டிக் கடற்கரை. குரோவேஷியாவின் சாடர், ஸ்பிளிட், டுப்ரோவ்னிக் ஆகிய நகரங்களைத் தேடி, முதுகுப்பையுடன் தனியாக வருவோர் ஏராளம். ஸ்பிளிட் நகரில், உரோமப் பேரரசர் டயோக்லீசியன் கட்டிய அரண்மனைச் சுவர்களுக்குள் மக்கள் இன்றும் குடியிருக்கின்றனர். டுப்ரோவ்னிக்கின் கோட்டைமதில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் அடிவாரத்தில் கடலலை மோதும். அங்கே பாறைக்கரை. அதனால், பழைய நகரமும் கடலும் நூற்றாண்டுகள் கடந்தும் ஒன்றையொன்று பிரியாமல் இருக்கின்றன.

மலாக்கா நீரிணையின் கரை அப்படிப்பட்டதன்று. இது சேற்றுக்கரை. ஆறுகள் சுமந்து வரும் வண்டல் முகத்துவாரத்தில் படிகிறது. அதில் அலையாத்திக் காடு வளர்கிறது. நிலம் கடலை நோக்கி மெல்ல நகர்கிறது. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக, ஆழம் குறைந்த பழைய துறைகள் கைவிடப்பட்டன. ஆகவே, இங்குள்ள பழைய ஊரில் போய் நின்றால் கடல் கண்ணில் படாது. முன்பு தண்ணீர் எதுவரை இருந்தது என்பதை நடந்து நடந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வேலைக்குத் தனிப்பயணம் பொருத்தமானது. குழுவாகச் செல்பவர் பேருந்து நிற்கும் இடத்தில் இறங்கிப் படமெடுத்துத் திரும்புவர். தனியாகச் செல்பவரோ ஒரு சுவரின் முன் அரைமணி நேரம் நிற்கலாம். வழி தெரியாதபோது கடைக்காரரிடம் பேச்சுக் கொடுக்கலாம். அவருக்குப் பேச வேறு ஆளில்லை என்பதே அவருக்கு வாய்ப்பாகிறது. தனிமையில் ஆபத்தும் உண்டு. செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுச் செல்வதும், இருட்டுவதற்குள் திரும்புவதும் கோழைத்தனம் ஆகா. பள்ளி மாணவர்கள் முதல் பயணத்தைப் பெரியவர் ஒருவரின் துணையோடு தொடங்குவதே முறை.

கிள்ளான் நிலையத்தில் இறங்கியவுடன் ஜாலான் தெங்கு கிளானாவின் பூக்கடைகளும் பலகாரக் கடைகளும் பயணியை இழுக்கும். அங்கே போவதற்கு முன், நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ராஜா அப்துல்லா கிடங்கைப் பார்த்துவிடுவது நல்லது. 1857ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கட்டடத்தில் ஈயமும் உணவுப் பொருள்களும் சேமித்து வைக்கப்பட்டன. அருகில் ஓடும் கிள்ளான் ஆறே அன்றைய நெடுஞ்சாலை. மலாக்காவின் சீன வணிகர்களிடம் 30,000 டாலர் கடன் பெற்று, அதே ஆண்டில் 87 சீனத் தொழிலாளர்கள் படகுகளில் ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பப்பட்டனர். கோம்பாக் ஆறு வந்து கலக்கும் இடம்வரை சென்று, அங்கிருந்து காட்டு வழியே அம்பாங்கை அடைந்து அவர்கள் ஈயம் தோண்டினர். சில வாரங்களிலேயே காய்ச்சல் பெரும்பாலோரைக் கொன்றது. எஞ்சியவர் 18 பேர். கோலாலம்பூரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

ஈயம் பெருகியதும் ரயில் வந்தது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவரை பாதை அமைந்தது. 1890இல் ஆற்றின்மேல் பாலம் கட்டி, ரயிலைக் கிள்ளானுக்குள் கொண்டுவந்தனர். ஆனால், வளைந்து வளைந்து ஓடும் ஆற்றில் பெரிய கப்பல்கள் ஏறி வர முடியவில்லை. துறைமுகத்தை முகத்துவாரத்துக்கே மாற்றுவதென அரசாங்கம் முடிவு செய்தது. அலையாத்தித் தீவுகள் அரணாக நின்று அலையைத் தடுக்கும் அந்த இடத்தில், 1901ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது.

திறந்த இரண்டு மாதங்களுக்குள் அதை மூட வேண்டிய நிலை! கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிய தொழிலாளர்களும் ரயில் ஊழியர்களும் மலேரியாக் காய்ச்சலால் கொத்துக் கொத்தாக வீழ்ந்தனர். 44 ஆண்டுகளுக்கு முன் ஈயம் தேடிச் சென்றவர்களை வீழ்த்திய அதே காய்ச்சல் எனலாம். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் நிறுவிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1901இல் கிள்ளானில் அரசாங்க மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன் அந்த அறிவைக் களத்தில் பயன்படுத்தினார். சதுப்புநிலங்களில் வடிகால் வெட்டப்பட்டது, கடல்நீர் ஏறாதபடி கரை எழுப்பப்பட்டது, புதர்கள் அழிக்கப்பட்டன. கிள்ளானிலும் துறைமுகத்திலும் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. கொசுவின் இருப்பிடத்தை அழித்து மலேரியாவை வென்ற தொடக்ககால வெற்றிகளுள் இதுவும் ஒன்று. ஆனால், இதே முறை மலைப்பாங்கான தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே நோயைப் பரப்பிய கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும் வேறு இனம். காட்டை வெட்ட வெட்ட அது பெருகியது. ரப்பர் தோட்டங்களில் இறந்த தமிழ்த் தொழிலாளர் பலரின் கதை அந்த ஓடைகளோடு கலந்தது.

அவர்களுள் பலர் கரையிறங்கிய இடங்களுள் இத்துறைமுகமும் ஒன்று. பிற்காலத்தில், ரஜூலா என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் எனப் பல ஆண்டுகள் சென்று வந்தது. தாத்தாவோ பாட்டியோ அக்கப்பலில் வந்ததாகச் சொல்லும் குடும்பங்கள் கிள்ளானில் இன்றும் உண்டு. 1972இல் பெயர் மாறிய கிள்ளான் துறைமுகம், இப்போது உலகின் மிகப் பரபரப்பான கொள்கலன் துறைமுகங்களுள் ஒன்று. ரயில் பாதை முடியும் இடத்துக்கு அருகில் உள்ள படகுத்துறையில் நின்றால், கால்களின் மேல் நிற்கும் வீடுகளைக் கொண்ட கெத்தாம் தீவுக்குப் படகு கிடைக்கும்.

கிள்ளானுக்கு வடக்கே கோல சிலாங்கூர். அங்குள்ள மெலாவத்தி குன்றை 1784இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். பீரங்கிகள் கடலை நோக்கியே நிற்கின்றன. குன்றுக்கும் கடலுக்கும் இடையில் இப்போது காடு. வந்தவர் பையில் தின்பண்டம் இருக்கிறதா என்று பார்க்கும் குரங்குகளுக்கு வரலாற்றில் அக்கறையில்லை.

கடல் மிகவும் விலகியிருப்பது மலாக்காவில்தான். பண்டார் தாசேக் செலாத்தான் பேருந்து முனையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அங்குச் சென்று சேரலாம். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது, அதன் அதிர்வு ஆட்ரியாட்டிக் கரையிலும் எதிரொலித்தது. ஆசியாவின் வாசனைப் பொருள்களை ஐரோப்பாவுக்கு விற்றுச் செழித்த நகரம் வெனிஸ். அதன் வாழ்வு மலாக்காவை ஆள்பவரின் கையில் இருக்கிறது என்ற கருத்தை, அக்காலத்தில் மலாக்காவில் வாழ்ந்த தோமே பிரஸ் என்ற போர்த்துகீசிய மருந்தாளர் எழுதிவைத்தார். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம், அதற்கு அருகிலேயே பள்ளிவாசல், சீனக் கோவில் என அந்தத் துறைமுகம் யாரையெல்லாம் ஈர்த்தது என்பதை ஒரே தெருவில் காணலாம். தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகள் மலாய்மொழி பேசியவாறே சைவ வழிபாட்டைத் தொடர்கின்றனர். 2008இல் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன.

போர்த்துகீசியக் கோட்டையில் எஞ்சியிருப்பது ஒரு வாயில் மட்டுமே. பழைய ஓவியங்களில் கடல் அக்கோட்டையின் அருகிலேயே இருக்கிறது. இப்போது அவ்வாயிலில் நிற்பவர் கடலைக் காண, கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் எழுந்த பேரங்காடிகளையும் சாலைகளையும் கடந்து நெடுந்தூரம் நடக்க வேண்டும். இங்கே கடலை விலக்கியது வண்டல் மட்டுமன்று, மனிதனும்தான். சற்றுத் தெற்கே, ஊஜோங் பாசிரில் உள்ள போர்த்துகீசியக் குடியிருப்பின் மீனவர்கள், இடுப்பளவு நீரில் வலையைத் தள்ளிக்கொண்டே நடந்து கூனி பிடித்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய கரைக்கு எதிரிலும் கடல் தூர்க்கப்பட்டுவிட்டது.