நோயாளியின் கட்டிலருகே தொழுகை

ஹிஜ்ரி 5இல் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களைத் தங்கவைத்த கூடாரம், நபி (ஸல்) அவர்களின் பள்ளியிலேயே இருந்தது. அங்குப் பணிவிடை செய்த ருஃபைதா (ரலி) அவர்களே நம் செவிலியரின் முன்னோடி.

குடற்புற்றுநோய்க்கு அறுவை செய்து, வயிற்றில் மலப்பை பொருத்தப்பட்ட பெரியவர் ஒருவர், தம்மை அசுத்தமானவர் என்றெண்ணித் தொழுகையையே விட்டிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் பல வாரங்கள் கழிந்திருந்தன. அவர் மார்க்கச் சட்டத்தில் 'மஃதூர்'. தொழுகை நேரம் வந்தபின் உளூச் செய்து தொழலாம், இடையில் கசிந்தாலும் குற்றமில்லை. தண்ணீர் தீங்கு தருமெனில் தயம்மும். நிற்க இயலாவிடில் அமர்ந்து, அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்து.

இரவில் அந்தப் பையை மாற்றிய செவிலியருக்கு இது தெரிந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பார். செவிலியராகப் பணிபுரியும் உங்கள் பெண்மக்களுக்கு இச்சட்டங்களை இன்றே சொல்லிக்கொடுங்கள்.