ஆமையின் முதுகில் இருப்பதல்ல நோய்

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளி சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடுக்கடலில் ஓர் ஆமையைப் படகில் தூக்கிப் போட்டு, அதன் ஓட்டில் கல் கல்லாக ஒட்டியிருப்பதை ஒருவர் கத்தியால் சுரண்டி எடுப்பார். பின்னணியில் சோக இசை. என் வானொலி நிகழ்ச்சிக்கும் இதை அனுப்பி, "பாவம், எத்தனை ஒட்டுண்ணி பாருங்கள்" என்று எழுதும் நேயர்கள் உண்டு.

அவை ஒட்டுண்ணிகளே அல்ல. கொட்டலசு என்கிற பார்னக்கிள்கள். பாறையில், படகின் அடிப்பாகத்தில் ஒட்டுவதுபோல ஆமை ஓட்டிலும் ஒட்டிக்கொண்டு, ஓடும் நீரிலிருந்து இரையை வடிகட்டித் தின்னும். ஆமையின் இரத்தத்தைத் தொடுவதில்லை. ஆனால் ஓர் ஆமை கொட்டலசால் மூடிப்போயிருந்தால் அது ஒரு தகவல்: ஏற்கெனவே நோயுற்று, நீந்த முடியாமல் பல நாள் மிதந்திருக்கிறது. கத்தியால் சுரண்டினால் ஓடுதான் காயப்படும். மருத்துவர்கள் நன்னீர்த் தொட்டியில் விட்டு வைப்பார்கள். உப்பில்லாத நீர் ஒத்துக்கொள்ளாமல் பார்னக்கிள்கள் செத்து உதிரும்.

உண்மையான எதிரி உள்ளே இருக்கிறது. அதைச் சொல்ல நாம் வெகுதூரம் போகவேண்டாம். தங்காக்கிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் காரில் போனால் மலாக்காவின் பாடாங் கெமுந்திங். தீபகற்ப மலேசியாவில் அழுங்காமைகள் முட்டையிடும் முக்கியமான கடற்கரைகள் மலாக்காவில்தான் உள்ளன. அங்கே மீன்வளத்துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. பள்ளி விடுமுறைக்குத் துணி வாங்கத் தங்காக் வரும் குடும்பங்கள் பல, அங்கேயும் பிள்ளைகளை ஒரு நடை கூட்டிப் போகலாம்.

கடலாமைகளை வாட்டும் ஒட்டுண்ணிகளில் முக்கியமானது இரத்தத் தட்டைப்புழு. மனிதருக்கு வரும் சிஸ்டோசோமா புழுவின் நெருங்கிய உறவு. சில மில்லிமீட்டர் நீளம்தான். இதயத்திலும் பெரிய இரத்தக் குழாய்களிலும் குடியிருக்கும். புழுவைவிட அதன் முட்டைகளே ஆபத்து. இரத்த ஓட்டத்தோடு போய் நுரையீரல், குடல், மண்ணீரல், சில சமயம் மூளையின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். உடல் அவற்றைச் சுற்றி வீக்கம் கட்டும். ஆமை மெலியும், மூழ்க முடியாமல் மிதக்கும். அப்புறம்தான் முதுகில் கொட்டலசு ஏறும். காணொளி எடுப்பவருக்குத் தெரிவது அந்தக் கடைசிக் கட்டம் மட்டுமே.

இந்தப் புழு ஆமைக்கு ஆமை நேராகத் தொற்றாது. நடுவில் நத்தை போன்ற இன்னொரு கடல் உயிரின் உடலில் வளர்ந்தாக வேண்டும். அது எந்த உயிர் என்பதே பெரும்பாலான புழு இனங்களுக்கு நெடுங்காலம் புதிராக இருந்தது. மருந்து உண்டு: பிராசிகுவான்டல். ஆனால் அது கைக்குச் சிக்கிய ஆமைக்கு மட்டும்தான். கடலுக்கு யார் மாத்திரை கொடுப்பது?

ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இன்னும் வேகமாகக் கொல்லும். 1991-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலக் கரையோரம், சில வாரங்களுக்குள் குறைந்தது 70 பச்சை ஆமைகள் செத்தும் சாகும் நிலையிலும் கிடைத்தன. காரணம் காரியோஸ்போரா என்ற குடல் ஒட்டுண்ணி. மூளை வரை பரவியிருந்தது. கடல் அட்டைகளும் உண்டு. பச்சை ஆமைகளின் கண்ணிலும் கழுத்திலும் காலிஃபிளவர் போலக் கட்டி வருவது ஒரு ஹெர்பிஸ் வைரஸோடு தொடர்புடையது. அதைச் சுமந்து திரிவது இந்த அட்டைகளாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஆமையல்ல, பூனை. கலிபோர்னியாக் கடல் நீர்நாய்கள் டோக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியால் இறக்கின்றன. ஹவாயில் அரிதான மங்க் சீல்களும் அப்படித்தான். இந்த ஒட்டுண்ணி பூனை இனத்தின் குடலில் மட்டுமே பாலினப்பெருக்கம் செய்யும். பூனையின் மலத்தில் வெளிவரும் முட்டைக்கூடுகள் மண்ணிலும் நீரிலும் பல மாதம் தாங்கும். மழை பெய்ததும் கால்வாய், ஆறு, கடல். கலிபோர்னியாவில் 2006-இல் சட்டமே போட்டார்கள்: பூனை மணல் பைகளில், கழிவைக் கழிப்பறையில் கொட்டவேண்டாம் என்று அச்சிட வேண்டும்.

நம் ஊரிலும் பூனை இல்லாத கடை ஏது? சாப்பாட்டுக் கடை மேசைக்கடியில், துணிக்கடைப் படியில், வீட்டு வாசலில். நானும் பூனைகளை விரட்டுகிற ஆள் இல்லை. ஆனால் வீட்டுப் பூனையின் மணல் தட்டைக் குழாய்நீரால் லோங்காங்கில் அடித்துவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். தங்காக்கின் கால்வாய் எங்கே போகிறது? சுற்றி வளைத்து மலாக்கா நீரிணைக்குத்தான். கழிவைத் தினமும் பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால் போதும். தினமும் என்பது முக்கியம்: முட்டைக்கூடு தொற்றும் தன்மை பெற ஒரு நாளாவது ஆகும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். கருவிலிருக்கும் குழந்தைக்கு இது ஆபத்து.

சுஷி பிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. திமிங்கிலம், டால்பின் வயிற்றில் வளரும் அனிசாகிஸ் புழுவின் குஞ்சுகள் மீனுக்குள் இருக்கும். பச்சையாகத் தின்றால் நம் வயிற்றுச் சுவரைக் குடையும். மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைத்த மீனில் புழு சாகும். அம்மா பொரித்துத் தரும் கெம்போங் மீனில் இந்தக் கவலை இல்லை.

கடற்கரையில் சோர்ந்து கிடக்கும் ஆமையைக் கண்டால், இரக்கப்பட்டு அலைக்குள் தள்ளிவிடாதீர்கள். தலைதூக்க பலமில்லாத ஆமை நீரில் மூழ்கியே சாகும். நிழலில் வைத்து, மூக்குத் துவாரத்தை விட்டு மற்ற இடத்தில் ஈரத்துணி போட்டு, மீன்வளத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கத்தியை எடுக்க வேண்டாம். காணொளியையும் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.