ஒரே ராத்திரியில் போகுமா தசைநாண் வலி?

2004 ஆகஸ்டில் சச்சின் டெண்டுல்கருக்கு இடது முழங்கையில் வலி பிடித்துக்கொண்டது. ‘டென்னிஸ் எல்போ’ என்றார்கள் மருத்துவர்கள். பெரிய டாக்டர்கள், கூடவே பிசியோதெரபிஸ்ட், விலை பாராத சிகிச்சை என்று எதற்கும் அவருக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் வலி விட்டபாடில்லை. 2005 மே மாதம் லண்டனில் அறுவைசிகிச்சை நடந்தது. அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 ரன் அடித்த பிறகுதான் ரசிகர்களுக்கு மூச்சு வந்தது.

அதே மாதிரி வலியோடுதான் பரோட்டா மாஸ்டரும், தையல்காரரும், கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வீங்கிப்போன இளம்தாயும் கடை அடைக்கிற நேரத்தில் மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்கிறார்கள். “காலைல வேலைக்குப் போகணும் தம்பி. ராத்திரி தடவிட்டுப் படுத்தா சரியாகுற மாதிரி ஏதாவது குடுங்க.” கடைக்காரர் சீட்டு கேட்பதில்லை, ட்யூபை எடுத்து வைக்கிறார். அந்த ட்யூபால் ஒரு ராத்திரியில் எவ்வளவு முடியும்?

வலிப்பது எது?

‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்று நாம் சொல்லும் பல வலிகளில் நரம்புக்குச் சம்பந்தமே இருக்காது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்தான் அங்கே பாதிக்கப்பட்டிருக்கும். முழங்கையின் வெளிப்பக்கம், கட்டைவிரலின் அடி, தோள்பட்டை, குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாண் ஆகியவை இந்த வலி அடிக்கடி வரும் இடங்கள். கட்டைவிரல் வலியை 1895-ல் விவரித்த சுவிஸ் அறுவைசிகிச்சை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வெய்னின் பெயரிலேயே அந்த நோய் இன்றும் வழங்குகிறது.

இந்த வலிகளெல்லாம் அழற்சியால் வருபவை என்றுதான் மருத்துவ உலகம் வெகுகாலம் நினைத்தது. மாதக்கணக்கில் வலித்த நாண்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அழற்சிக்கான அணுக்கள் அதிகம் தென்படவில்லை. கொலாஜன் இழைகள் முறுக்கு விட்ட கயிறு போலக் கலைந்து கிடந்தன. அதனால் நேற்று இழுத்துக்கொண்ட நாணுக்கும் ஆறு மாதமாக வலிக்கும் நாணுக்கும் ஒரே மருந்து ஒரே மாதிரி கேட்பதில்லை.

நாண் தன்னைச் சரிசெய்துகொள்வதும் மெதுவாகத்தான். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14 அணுக்களை அடையாளமாக வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணின் வயதைக் கணக்கிட்டார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வின்படி, நாணின் மையப்பகுதி முதல் 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அதன்பிறகு அது ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை.

ட்யூபுக்குள் இருப்பவை

சீட்டு இல்லாமல் கிடைக்கும் பூச்சு மருந்துகளில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

முதலாவது, டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி கலந்த ஜெல். மாத்திரையாக விழுங்கும்போது சேர்வதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் ஜெல்லிலிருந்து ரத்தத்துக்குப் போகிறது. வயிற்றுப்புண் பயம் குறைவதற்கு இதுவே காரணம். புதிதாக வந்த சுளுக்கு, பிடிப்பு, அதிகம் உழைத்ததால் வரும் வலி ஆகியவற்றுக்கு இது உண்மையிலேயே வேலை செய்கிறது. மருந்து ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட அலசலில், டைக்ளோஃபெனாக் எமல்ஜெல் பூசியவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஒரு வாரத்துக்குள் வலி பாதியாவது குறைந்திருந்தது. மருந்தில்லாத ஜெல்லைப் பூசியவர்களில் பத்தில் இரண்டு பேருக்கே அந்தப் பலன் கிடைத்தது. ஆனால் பலன் ஒரு வாரத்தில்தான், ஒரு ராத்திரியில் அல்ல. 2020-ல் அமெரிக்காவில் சீட்டில்லாமல் விற்க அனுமதி பெற்ற வோல்டாரென் ஜெல்லின் அட்டையிலேயே, முழுப் பலன் தெரிய 7 நாள் வரை ஆகலாம் என்று இருக்கிறது. அங்கே அந்த அனுமதியும் மூட்டுத் தேய்மான வலிக்குத்தான்.

இரண்டாவது, நம் வீட்டு அலமாரியில் இருப்பவை: மெந்தால், கற்பூரம், மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலங்கள், பாம்கள், ஒட்டுகள். 1893-ல் தொடங்கிய அமிர்தாஞ்சன், ரங்கூனில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த டைகர் பாம், ஜப்பானின் சலோன்பாஸ் எல்லாம் இந்தக் குடும்பம். சில ஆயுர்வேதக் களிம்புகளின் அட்டையில் ‘கந்தபுரா தைலம்’ என்று இருக்கும். அதுவும் மெத்தில் சாலிசிலேட்தான். இவை நாணைப் பழுது பார்ப்பதில்லை. மெந்தால் தோலில் இருக்கும் குளிர் உணர்வியைத் தூண்டுகிறது. அந்த ஜில்லிப்பில் உள்ளே இருக்கும் வலி மங்குகிறது. பூசிய சில நிமிடங்களில் இதமாகிச் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தூங்கப் போகிறவருக்கு அந்தச் சில மணி நேரம் பெரிய விஷயம்.

மூன்றாவது, மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் கலந்த கிரீம். காரத்தையும் சூட்டையும் அறியும் உணர்வியை 1997-ல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் சில நாள் எரியும். தினமும் விடாமல் பூசினால் ஓரிரு வாரத்தில் வலி மரத்துப்போகும். இன்று ராத்திரிக்கு இது உதவாது. பூசிய கையோடு கண்ணைத் தொட்டால் ராத்திரித் தூக்கமும் போச்சு.

படுக்கும் முன்

பூசும் இடத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, ஜெல்லை மெதுவாகத் தேய்த்தால் போதும். அழுத்தி நீவ வேண்டாம். பத்து நிமிடம் உலரவிட்டு, தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படுக்கலாம். ஒட்டு என்றால் அட்டையில் போட்டிருக்கும் மணிக்கணக்கைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் அது 8 மணி நேரம்.

பலரும் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். தைலம் தேய்த்து, அதன்மேல் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, சுடுதண்ணீர்ப் பையையும் வைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள். மெந்தால் மரத்துப்போகச் செய்திருப்பதால் தோல் வேகுவதுகூடத் தெரியாது. இத்தகைய பூச்சுகளால் ஏற்பட்ட தீக்காயங்கள் பற்றி 2012-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விடுத்தது. மெந்தால் 3 சதவீதத்துக்கும், மெத்தில் சாலிசிலேட் 10 சதவீதத்துக்கும் மேல் இருந்தவற்றில்தான் மோசமான காயங்கள் அதிகம். சிலருக்கு முதல்முறை பூசிய அன்றே வந்தது. நம் ஊர் ஜெல்கள் பலவற்றில் மெந்தால் 5 சதவீதம் இருக்கிறது.

மருந்துக்கு இணையாக உதவுவது படுக்கும் விதம். தோள்பட்டை வலி உள்ளவர் அந்தப் பக்கம் புரளாமல் மல்லாந்து படுத்து, கைக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். கட்டைவிரல் வலிக்கு, விரலையும் மணிக்கட்டையும் அசையாமல் பிடிக்கும் பட்டை மருந்துக்கடையிலேயே கிடைக்கும்.

யாருக்கு ஆகாது?

வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் சாலிசிலேட் தைலத்தை நிறையப் பூசினால் ரத்தக்கசிவு வரலாம். கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ள ஆஸ்துமாக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த ஜெல்களைத் தொடக் கூடாது. பாத உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்குக் காந்தல் தெரியாது என்பதால் ஆபத்து கூடுதல். 2007-ல் நியூயார்க்கில் பள்ளி மாணவி ஒருவர், அளவுக்கு மீறிப் பூசிய களிம்புகளிலிருந்து உடலில் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட்டால் இறந்துபோனார். குழந்தை உள்ள வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்: ஒரு டீஸ்பூன் சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய், அதாவது மெத்தில் சாலிசிலேட், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம்.

பகலில் நடக்கும் வைத்தியம்

ஸ்வீடன் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கே குதிகால் நாண் வலி இருந்தது. நாண் அறுந்தால் அறுவைசிகிச்சை செய்துகொள்ளலாம் என்று அதை வேண்டுமென்றே கடுமையாக வேலை வாங்கினார். வலி குறைந்துவிட்டது என்பார்கள். 1998-ல் 15 ஓட்டக்காரர்களிடம் அவர் இதை முறையாகச் சோதித்தார். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். மேலே வர மற்றக் காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். முழங்கால் நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை என்று நாளைக்கு 180 தடவை. 12 வாரத்தில் 15 பேரும் மறுபடி ஓடினார்கள். டென்னிஸ் எல்போவுக்கும் இதே வழிதான்: முன்கையை மேசைமேல் வைத்து, சிறு எடையைப் பிடித்த மணிக்கட்டை மெதுவாக இறக்குவது. எவ்வளவு எடை, எத்தனை தடவை என்பதை பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

ராத்திரி பூசும் ஜெல்லுக்கு இந்த வைத்தியத்தில் ஓர் இடம் உண்டு. நன்றாகத் தூங்கி எழுந்தவரால்தான் பயிற்சியைத் தொடர முடியும். வலி மறைந்த தெம்பில் மறுநாளும் அதே வேகத்தில் மாவு வீசினால் நாண் இன்னும் கலையத்தான் செய்யும்.

சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது குதிகாலில் புது வலி வந்தால் தைலம் தேடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இவற்றால் நாண் அறுந்துபோகலாம் என்று 2008-லேயே அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை வந்திருக்கிறது. ‘டப்’ என்று சத்தம் கேட்டு நுனிக்காலில் நிற்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு வீங்கிச் சிவந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இரண்டு வாரம் பூசியும் வலி குறையவில்லை என்றால் மூன்றாவது ட்யூபுக்குக் காசு கொடுக்காமல் அதை எலும்பு மருத்துவரிடம் கொடுங்கள்.