ஆய்க்குடி முதல் கடையம் வரை: கவிதைக்குக் காசு கொடுத்தது யார்?

குற்றால சீசனுக்குப் போகிறவர்கள் தென்காசியில் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "மெயின் அருவியில தண்ணி விழுதா?" என்பதுதான். அருவிக்கு ஏறக்குறைய எதிர்த்திசையில், சில கிலோமீட்டர் தூரத்தில் ஆய்க்குடி என்று ஓர் ஊர் இருக்கிறது. பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் பேர்போன ஊர். தமிழ்க் கவிதையின் 'பொருளாதாரக் கதை' ஒன்றும் இங்கேதான் தொடங்குகிறது.

கவிதைக்கு என்ன பொருளாதாரம் என்கிறீர்களா? ஒரு கல்யாணம், ஒரு திருவிழா, ஒரு மரணம், ஒரு கடன் தேவை என ஏதோ ஒரு சந்தர்ப்பத்துக்காக எழுதப்பட்ட பாட்டுகள் நம்மிடம் ஏராளம். அவற்றுக்கு யார் செலவு செய்தார்கள், யாரிடம் அவை போய்ச் சேர்ந்தன என்பதைப் பார்த்தால், இன்றைய தென்காசி மாவட்டத்துக்குள்ளேயே முழுக் கதையும் கிடைத்துவிடுகிறது.

யானை கொடுத்த ஆய்

கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஆய் அண்டிரன். பொதிகை மலைப் பகுதியை ஆண்டவன். அவனுடைய தலைநகரான ஆய்க்குடி, தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள இதே ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அவனைப் பாடியவர்களில் முக்கியமானவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். புறநானூற்றில் இவர் பாடல்கள் பல இருக்கின்றன. பாடி வந்தவர்களுக்கு ஆய் யானைகளைப் பரிசாகக் கொடுத்தான் என்கின்றன அந்தப் பாட்டுகள். அவன் இறந்தபோதும் முடமோசியார் பாடினார். பரிசு கொடுக்க ஆள் இல்லாத பிறகு பாடிய பாட்டு அது. ஆக, சந்தர்ப்பத்துக்குப் பாடுவது என்றாலே காசுக்குப் பாடுவது என்று முடிவு கட்டிவிட முடியாது.

நிலமாகக் கிடைத்த சம்பளம்

அடுத்து 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு வருவோம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் உள்ள மேலகரத்தைச் சேர்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். 'குற்றாலக் குறவஞ்சி'யை எழுதியவர். பள்ளித் தமிழ்ப் பாடத்தில் இந்தப் பெயரைக் கடந்து வந்திருப்பீர்கள்.

இந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் மானியமாகக் கொடுத்தார். அந்த நிலத்தின் பெயரே 'குறவஞ்சி மேடு' ஆனது. ஒரு புத்தகத்தின் பெயர் வயலுக்கு வந்துவிட்டது! ஆனால் பணம் கொடுத்தவரை மட்டும் சந்தோஷப்படுத்தும் நூலாக அவர் எழுதவில்லை. மலை, அருவி, குரங்கு, குறத்தி எல்லாம் அதில் வந்து ஆடின. அதனால்தான் 1944இல் கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி அதை நாட்டிய நாடகமாக மேடையேற்ற முடிந்தது. மன்னர் போய் இரண்டு நூற்றாண்டு ஆன பிறகும் பாட்டுக்கு வேலை இருந்தது.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில்...

குற்றாலம் போலவே குளிக்கப் போகும் ஊர் ஒன்று இங்கிலாந்தில் உண்டு. பெயரே 'பாத்'. வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர். 18ஆம் நூற்றாண்டில் பணக்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ளவும் பொழுதைப் போக்கவும் அங்கே குவிந்தார்கள்.

பக்கத்தில் பாத்ஈஸ்டன் என்ற இடத்தில் அன்னா மில்லர் என்ற சீமாட்டியின் மாளிகை இருந்தது. இத்தாலியிலிருந்து வாங்கி வந்த பழைய ரோமானியக் கலசம் ஒன்றை அங்கே வைத்தார். விருந்தாளிகள் எழுதி வந்த கவிதைச் சீட்டுகளை அதில் போடுவார்கள். ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படிப்பார்கள். நன்றாக எழுதியவருக்கு இலைமாலை மரியாதை. 1775 முதல் இந்தக் கவிதைகள் தொகுதிகளாக அச்சேறின. விற்ற காசு தர்மத்துக்குப் போனது. சாமுவேல் ஜான்சன் போன்ற பெரிய எழுத்தாளர்கள் இதைக் கிண்டலடித்தார்கள். 1781இல் சீமாட்டி இறந்ததும் கலசக் கூட்டம் முடிவுக்கு வந்தது.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். பாத்தில் எழுதியவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. கவிதை அவர்களுக்குப் பொழுதுபோக்கு. மேலகரத்தில் அது பிழைப்பு. ஆனால் ஒரு விஷயத்தில் பாத் முந்திக்கொண்டது. கேட்ட மாத்திரத்தில் அச்சடித்து, முகம் தெரியாத ஆட்களிடம் விற்றார்கள். நம் ஊரில் சந்தர்ப்பப் பாட்டுகள் ஓலையிலும் வாய்மொழியிலும்தான் கிடந்தன. ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவில் தில்லையம்பூர் சந்திரசேகர கவிராயர் தொகுத்த 'தனிப்பாடல் திரட்டு' வர 19ஆம் நூற்றாண்டு ஆகிவிட்டது.

நடைக்கு ஒரு பாட்டு

அதே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போகிறார். வழிநடைக்குப் பாட்டு வேண்டும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிக் கொடுத்ததுதான் 'காவடிச்சிந்து'. முழுக்க முழுக்க ஒரு சந்தர்ப்பத்துக்கான பாட்டு. ரெட்டியார் 1891இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். ஜமீனும் போய்விட்டது. சிந்து மட்டும் இன்றும் கச்சேரி மேடையில் நடந்துகொண்டிருக்கிறது.

ராஜா கைவிட்டபோது

இனி கடையம். பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர். 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதி கைதாகி, விடுதலையாகி, இங்கேதான் வந்து சேர்ந்தார். கையில் காசில்லை, அச்சேறாத கையெழுத்துப் பிரதிகள் கட்டுக் கட்டாக இருந்தன.

1919இல் அவர் பழைய வழியைத்தான் முதலில் முயன்றார். எட்டயபுரம் ராஜாவுக்குச் சீட்டுக்கவி எழுதினார். சீட்டுக்கவி என்றால், புலவர் தன் தேவையை வள்ளலுக்குப் பாட்டாகவே எழுதி அனுப்பும் கடிதம். அந்த அரண்மனை அவருக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம்தான். ஆனாலும் உதவி வரவில்லை.

1920 ஜூனில் கடையத்திலிருந்து வேறொரு கடிதம் கிளம்பியது. இந்த முறை பாட்டு இல்லை, ராஜாவும் இல்லை. நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் ஒரு வியாபாரத் திட்டம். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடப் போவதாகச் சொன்னார். மொத்தம் 4 லட்சம் பிரதிகள்! கடன் கொடுங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்றார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல இந்தப் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு போகும் என்று நம்பினார். இன்றைய பாஷையில் சொன்னால், பக்கா கிரவுட் ஃபண்டிங்.

பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் பாரதி காலமானார். 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு அவர் எழுத்துகளின் உரிமையை எடுத்துக்கொண்டு, பின்னர் அதைப் பொதுமக்களுக்கே விட்டது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றானது. கடையத்துக் கணக்கு, போட்டவர் போன பிறகுதான் பலித்தது.

சரி, இதில் நமக்கு என்ன?

யானை, நிலம், ஜமீன் சன்மானம், கடன் என்று செலவு செய்தவர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். கொடுத்தவர் போன பிறகும் தேவைப்பட்ட பாட்டு நின்றது. ஆனால் நல்ல பாட்டாக இருந்தால் மட்டும் போதாது, யாராவது எடுத்துவைக்கவும் வேண்டும். முடமோசியாரை நாம் படிக்க முடிவது யாரோ ஓலையில் எழுதிவைத்ததால்தான்.

சந்தர்ப்பக் கவிதை இன்றும் சாகவில்லை. கல்யாண மண்டபத்தில் படிக்கும் வாழ்த்து மடல், கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் நாலு வரி, ரிட்டயர்மென்ட் விழாவில் சக ஊழியர் எழுதிய பா எல்லாமே அதே குடும்பம்தான். பல வீடுகளில் தாத்தா பாட்டி கல்யாணத்துக்கு அச்சடித்த வாழ்த்து மடல் பழைய டிரங்குப் பெட்டியில் மடிந்து கிடக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போனால் தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஒரு போட்டோ எடுத்து, எழுதியவர் பெயர், ஊர், தேதியோடு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வையுங்கள்.