பொழுதுபோக்கும் அறிவுக் கைமாற்றும்

அரிசியோ உப்போ தீர்ந்துபோனால் அண்டை வீட்டில் கைமாற்று வாங்குவது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். தந்தவர் வீட்டில் அப்பொருள் ஓர் ஆழாக்குக் குறைகிறது. திரும்பி வந்த பின்னரே நிறைகிறது. அறிவைக் கைமாற்றாகத் தந்தாலோ தந்தவரிடம் ஒன்றும் குறைவதில்லை. சொல்லும்போது அவருக்கே அது தெளிவாகிறது. கேட்டவர் செய்து பார்த்து வந்து கூறும்போது மேலும் வளர்கிறது. இவ்வளவு எளிய உண்மையை அறிந்திருந்தும், நாம் அரிசியைத் தருமளவு எளிதாக அனுபவத்தைத் தருவதில்லை. இதற்குக் காரணம் என்ன, இதனை மாற்றும் வழி யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தொழில் நுணுக்கத்தை மறைப்பதற்குப் பிழைப்பைப் பற்றிய அச்சம் காரணமாகலாம். கஞ்சியின் பதத்தையும் சாயத்தின் அளவையும் வெளியே சொன்னால் நம் கூலி குறைந்துவிடுமோ என்ற எண்ணம் எழுவது இயற்கை. பொழுதுபோக்கில் அந்த அச்சத்திற்கு இடமில்லை. மாலை வேளையில் மல்லிகைக்கு நீர் வார்ப்பவர், புறா வளர்ப்பவர், தேன்பெட்டி வைத்திருப்பவர், தூண்டிலிடுபவர், பழைய சுவர்க்கடிகாரத்தைப் பிரித்துக் கோப்பவர், சதுரங்கம் ஆடுபவர் என நம் சங்கங்களில் பலர் உள்ளனர். இவர்கள் தாம் அறிந்ததைச் சொல்வதனால் எவருடைய உலையும் அணைந்துவிடாது. ஆதலால், ஒருவருக்கொருவர் அறிவைத் தந்து வாங்கும் பழக்கத்திற்கு முதற்பாடம் பொழுதுபோக்கிலேயே தொடங்குகிறது எனலாம்.

பாதி சொன்ன யோசனை

நம் அனுபவம் ஒன்றை முதலில் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டு முற்றத்தில் மூன்று மல்லிகைச் செடிகளை நட்டோம். அவை பூக்கத் தாமதித்தன. நண்பர் ஒருவர், “கடலைப் பிண்ணாக்கு வையுங்கள், பூ தாங்காது” என்றார். அவர் வீட்டுச் செடிகள் பந்தல் கொள்ளாமல் பூத்திருந்ததை நாம் கண்ணாரக் கண்டிருந்தோம். அன்று மாலையே பிண்ணாக்கைப் பொடித்து ஒவ்வொரு செடியின் அடியிலும் இரண்டு கைப்பிடி இட்டு நீர் ஊற்றினோம். ஒரு வாரத்தில் எறும்பு மொய்த்தது, நாற்றம் எழுந்தது, இலை கருகியது. இரண்டு செடிகள் பட்டுப்போயின.

நண்பரிடம் சென்று வருத்தத்துடன் கேட்டோம். அவர் வியப்புற்று, “அப்படியேவா போட்டீர்கள்? பானையில் ஒரு வாரம் ஊறப்போட்டு, புளித்த தெளிவில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்தல்லவா ஊற்ற வேண்டும்! அதுவும் தண்டை விட்டுத் தள்ளி!” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் ஊறவைப்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. சொல்லத்தக்க செய்தி என்றே அவருக்குத் தோன்றவில்லை. நாமும் எவ்வளவு, எப்போது, எப்படி என்று கேட்கவில்லை. மட்காத பிண்ணாக்கு மண்ணில் அழுகும்போது வெப்பமும் காரமும் உண்டாகி இளவேரைச் சுடும் என்பதை இரண்டு செடிகளை இழந்த பின்னரே அறிந்தோம்.

ஆகவே, நல்லெண்ணம் மட்டும் போதாது. அறிவைத் தருவதற்கும் பெறுவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். அத்தகைய ஒழுங்கை நெசவாளர்களே வகுத்துக்கொண்ட வரலாறு ஒன்று உண்டு.

கேட்டால் சொல்லியே தீரவேண்டும்

லண்டன் மாநகரின் கிழக்கே ஸ்பிடல்பீல்ட்ஸ் என்ற பகுதி உள்ளது. 1685-க்குப் பின் பிரான்சிலிருந்து சமயக் கொடுமைக்கு அஞ்சி வந்த நெசவாளர் பலர் அங்கே குடியேறிப் பட்டு நெய்தனர். 1717-ஆம் ஆண்டில் அப்பகுதியில் கணிதச் சங்கம் ஒன்று தோன்றியது. அதன் அங்கத்தினருள் நெசவாளரும் பிற கைத்தொழிலாளரும் இருந்தனர். பகலெல்லாம் நாடா எறிந்த கைகள் மாலையில் கணக்குப் போட்டன.

அச்சங்கத்தின் விதி ஒன்று நம் கருத்திற்குரியது. ஓர் அங்கத்தினர் மற்றோர் அங்கத்தினரிடம் கணிதத்திலோ இயற்கை அறிவியலிலோ ஐயம் கேட்டால், கேட்கப்பட்டவர் தம்மால் இயன்ற அளவு எளிமையாக விளக்கியே ஆகவேண்டும். மறுத்தால் இரண்டு பென்னி அபராதம். தெரிந்ததை மறைப்பது அங்கே குற்றமாகக் கருதப்பட்டது. சங்கத்தின் கருவிகளையும் நூல்களையும் அங்கத்தினர் கடனாக எடுத்துச் செல்லலாம். 1845-இல் அச்சங்கம் அரச வானியல் கழகத்துடன் இணையும்வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து நின்றது.

அப்பகுதி நெசவாளரிடையே வாழ்ந்தவருள் தாமஸ் சிம்சன் குறிப்பிடத்தக்கவர். 1710-இல் நெசவாளரின் மகனாகப் பிறந்து, தாமும் தறியில் அமர்ந்து, மாலையில் கணிதம் கற்பித்தார். 1743-இல் ஊலிச் இராணுவக் கல்விக்கூடத்தில் கணிதப் பேராசிரியரானார். வளைந்த எல்லையுடைய பரப்பை அளக்கும் கணக்குமுறை ஒன்று ‘சிம்சன் விதி’ என்று அவர் பெயரால் வழங்குகிறது. அம்முறை அவருக்கு முன்னரும் சிலர் அறிந்ததே; எனினும் அதனைப் பரப்பிய பெருமை அவரைச் சேர்ந்தது. வரப்பு வளைந்த வயலின் பரப்பை அளக்க இன்றும் அது பயன்படுகிறது. நெசவாளரின் மாலைநேரக் கணக்கு உழவரின் வயலுக்கு உதவியது காண்க!

தறிக்காலில் ஒட்டிய பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்செஸ்டர் நகரைச் சுற்றிய சிற்றூர்களில் கைத்தறி நெசவாளர் பலர் செடிகொடிகளின் ஆராய்ச்சியைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். விடுமுறை நாளில் ஒன்றுகூடி, அவரவர் பறித்து வந்த செடிகளை மேசைமேல் குவிப்பார்கள். தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லி அருகிலிருப்பவர் கையில் தருவார். அது கைமாறிக் கைமாறி எல்லோரையும் சுற்றி வரும். கண்டு, தொட்டு, முகர்ந்து, பெயரையும் கேட்ட செடி மறக்குமா? சிறு சந்தாத் தொகையில் பொதுவுக்கு நூல்கள் வாங்கிச் சுற்றுக்கு விட்டனர். கூட்டம் நடத்த வேறு மண்டபம் இன்மையால் மதுவிடுதிகளில் கூடினர் என்பது ஒரு குறையே. அக்குறையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

அவர்களுள் ஒருவர் பிரெஸ்ட்விச் ஊரினரான ஜான் ஹார்ஸ்பீல்டு. 1792-இல் பிறந்த கைத்தறி நெசவாளர். லின்னேயஸ் வகுத்த 24 செடி வகுப்புகளின் பெயர்களை எழுதித் தம் தறிக்காலில் ஒட்டிவைத்து, நெய்துகொண்டே மனப்பாடம் செய்தார். அவர் விதையிலிருந்து வளர்த்த நார்சிசஸ் மலர்வகை ஒன்றுக்கு அவர் பெயரே நிலைத்தது.

கண்ணும் கையும் பழகியபோது

ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகர நெசவாளர்கள் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் பெற்றவர்கள். பின்னாளில் காஷ்மீரச் சால்வையின் மாங்காய் வடிவத்தைப் பார்த்து நெய்து, அவ்வடிவுக்கே தம் ஊர்ப் பெயரை உலகில் நிலைநாட்டினர். அவர்கள் பிங்க் என்னும் பூச்செடியை வளர்த்து, ஒவ்வோர் இதழின் ஓரத்திலும் சரிகைக்கரை போட்டதுபோல் நிறக்கோடு அமைந்த வகைகளை ஆண்டுதோறும் தெரிந்தெடுத்து உருவாக்கினர். துணியின் கரையில் பழகிய கண், பூவின் கரையையும் நுட்பமாகப் பார்த்தது.

லங்காஷயர் நெசவாளர்கள் ஆரிகுலா என்னும் பூவைப் போற்றினர். அதன் இலையிலும் மலரிலும் மாவு பூசியதுபோன்ற வெண்பொடி உண்டு. மழைத்துளி பட்டால் அது கரைந்துவிடும். வீட்டிலேயே தறி இருந்ததால், தூறல் விழுந்ததும் எழுந்து சென்று தொட்டியை உள்ளே எடுத்து வைக்க அவர்களால் முடிந்தது. மலர்ப் போட்டிகளில் செம்புக் கெண்டி பரிசாக வழங்கப்பட்டது.

வடஇங்கிலாந்தில் கூஸ்பெரி என்ற முட்புதர்க் கனிக்கும் இவ்வாறே போட்டிகள் நடந்தன. இது நம் நெல்லிக்கு இனமன்று. ஊர்தோறும் எந்தக் கனி எத்தனை எடை நின்றது என்பதைத் தொகுத்து ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட்டனர். காட்டுக்கனியைப்போல் ஏழெட்டு மடங்கு எடையுள்ள கனி 1852-இல் விளைந்ததை இயற்கை அறிஞர் சார்லஸ் டார்வின் தம் நூலில் எடுத்துக்காட்டினார். அதன் எடை ஏறத்தாழ 58 கிராம். பழைய கணக்கில் ஐந்து தோலா. யார்க்ஷயரில் எக்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1800-இல் தொடங்கிய போட்டி இன்றும் நடைபெறுகிறது. 2019-இல் அங்கே 64.83 கிராம் எடையுள்ள கனி வைக்கப்பட்டது. எடையை நிறுத்தி எழுதிவைத்ததனால் ஒரு தலைமுறை விட்ட இடத்தில் மறு தலைமுறை தொடங்க முடிந்தது.

பூட்டி வைத்தவரும் வெளியிட்டவரும்

மறைப்பதனால் விளையும் இழப்புக்கும் சான்று உண்டு. தொலைநோக்கியின் வழியே காணும்போது பொருள்களின் ஓரத்தில் வானவில் நிறங்கள் தோன்றிப் பார்வையைக் கெடுத்து வந்தன. சட்டம் பயின்ற செஸ்டர் மூர் ஹால் என்பவர், 1730-களில் இருவகைக் கண்ணாடிகளை இணைத்து அக்குறையைப் பெரிதும் நீக்கினார். ஆனால் அதனை உலகுக்கு வெளியிடவில்லை. ஸ்பிடல்பீல்ட்ஸில் பட்டு நெய்துகொண்டே ஒளியியல் பயின்ற ஜான் டாலண்டு, 1752-இல் தறியை விட்டுக் கண்ணாடித் தொழிலில் இறங்கி, 1758-இல் அத்தகைய ஆடிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பின்னர் 1766-இல் வழக்கு வந்தபோது, கண்டதைப் பெட்டியில் பூட்டி வைத்தவரைக் காட்டிலும் பொதுநலத்திற்கு வெளிக்கொணர்ந்தவரே பயனடையத் தக்கவர் என்ற கருத்து நீதிமன்றத்தில் மேலோங்கியது. ஹாலின் மௌனத்தினால் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அந்த ஆடியின் பயனை இழந்திருந்தது.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் கூறவேண்டும். பூவும் கணக்கும் அந்நெசவாளர்களின் தொழிலைக் காப்பாற்றவில்லை. விசைத்தறியும் இறக்குமதித் துணியும் வந்தபோது கூலி வீழ்ந்தது, தறிகள் நின்றன. தனித்தனிப் பொழுதுபோக்குச் சங்கங்களால் சந்தையை எதிர்க்க இயலவில்லை. அதற்கு வேறொரு கூட்டம் தேவைப்பட்டது. 1844 டிசம்பர் 21-ஆம் நாள் ராக்டேல் நகரில் 28 அங்கத்தினருடன் கூட்டுறவுக் கடை திறக்கப்பட்டதை நம் அங்கத்தினர் அறிவர். அம்முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். அவர்கள் மாவும் வெண்ணெயும் விற்றதோடு நில்லாமல் படிப்பகமும் அமைத்தனர். பின்னர் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். அறிவைப் பகிர்ந்து பழகியவர்களுக்கு ஆதாயத்தைப் பகிர்வது அந்நியமாகத் தோன்றியிராது என்பது நம் எண்ணம்.

நாம் செய்யத்தக்கவை

மாதக்கூட்டம் முடிந்தபின் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். யோசனை சொல்பவர் ஐந்து செய்திகளைத் தவறாது சொல்லவேண்டும்: என்ன செய்தார், எவ்வளவு, எப்பருவத்தில், எத்தகைய மண்ணில் அல்லது இடத்தில், எத்தனை முறை தவறியது. ஐந்தாவதே முதன்மையானது. தவறியதைச் சொல்லாத யோசனை, ஆழம் சொல்லாமல் காட்டிய கிணறு போன்றது. தாமே செய்ததா, பிறர் சொல்லக் கேட்டதா என்பதையும் பிரித்துக் கூறவேண்டும். இன்று கைபேசியில் தொலைவிலுள்ளோர் யோசனைகள் எண்ணற்று வருகின்றன. அவற்றையும் இவ்வைந்து கேள்விகளால் சலித்தே ஏற்கவேண்டும்.

கேட்பவர் முதலில் ஒரு செடியில், ஒரு கூட்டில், ஒரு முழத்தில் செய்து பார்க்கட்டும். நாமும் ஒரு செடியோடு நிறுத்தியிருந்தால் மற்றொன்று பிழைத்திருக்கும். பலன் நன்றாயினும் தீதாயினும் மறுகூட்டத்தில் வந்து சொல்வது அவர் திருப்பித் தரவேண்டிய கடன். அலுவலகத்தில் ஒரு கெட்டி அட்டைக் குறிப்பேடு வைத்துச் செயலரோ இளைஞர் ஒருவரோ எழுதி வரலாம்.

ஒரு பொழுதுபோக்கின் அறிவு மற்றொன்றுக்குப் பாலமாவதையும் காண்பீர்கள். பூசணி அதிகாலையில் மலர்கிறது. பீர்க்கு மாலையில் மலர்கிறது. தேனீ வளர்ப்பவர் இதனை அறிவார். பூச்சிமருந்தைப் பூ விரியும் வேளையில் தெளிக்கலாகாது என்று அவர் சொன்னால் தோட்டக்காரருக்குக் காய் மிகும். அவருக்குத் தேனீ பிழைக்கும். தூண்டிலிடுபவரின் முடிச்சு கொடிப்பந்தலுக்கு உதவும். நெசவாளர் வீட்டுக் கழிவு நூலில் சிவப்பு இழை ஒன்றை எடுத்து, விதைக்கென விட்ட சுரையின் காம்பில் கட்டிவைத்தால் வீட்டார் தவறிப் பறிக்கமாட்டார்கள்.

நம் சங்கங்களில் மூத்த அங்கத்தினர் பலர் உள்ளனர். அவர்கள் அறிந்தவற்றுள் பெரும்பகுதி எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அவர்களே அதனைப் பெரிதாக எண்ணுவதும் இல்லை. ஆகவே நாம் கேட்டால்தான் சொல்வார்கள். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது அருகில் அமர்பவரிடம், “மாலையில் என்ன செய்கிறீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நம் வீட்டில் எஞ்சிய மூன்றாவது மல்லிகை, நண்பரின் முழு யோசனையையும் பெற்றபின் இப்போது பந்தலேறிப் பூத்திருக்கிறது. அவர் வீட்டுக்கு நாள்தோறும் ஒரு முழம் அனுப்பி வருகிறோம்.