பாலாற்று நீரில் நோய்க்கிருமிகள்: விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

பாலாற்று மாசு என்றதும் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு விவசாயிகளுக்குத் தோல் தொழிற்சாலைக் கழிவுதான் நினைவுக்கு வரும். அதற்காக உச்ச நீதிமன்றம் 1996-லும் 2025 ஜனவரியிலும் தீர்ப்பு வழங்கியது. அந்தக் கழிவைப் பெரும்பாலும் நிறத்திலும் உப்புக் கரிப்பிலும் அறிந்துவிடலாம். ஆனால், ஊர்ச் சாக்கடையோடு வரும் நோய்க்கிருமிகளுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. தெளிந்த நீரிலும் அவை இருக்கும்.

எப்படி வருகின்றன?

ஆண்டின் பெரும்பகுதி பாலாறு வறண்டே கிடக்கிறது. ஆற்றில் நல்ல நீரோட்டம் இல்லாததால், வந்து சேரும் சாக்கடை நீர் கரையாமல் அப்படியே தேங்குகிறது. மனித மலம் கலந்த நீரால் டைபாய்டு, காலரா, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை பரவும். எலி, மாட்டுச் சிறுநீர் கலந்த நீரும் சேறும் புண் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும்.

எந்த அளவு ஆபத்து?

மலத்திலிருந்து வரும் கோலிபார்ம் கிருமிகள் 100 மி.லி. குளிக்கும் நீரில் 500-க்குள் இருப்பது நல்லது. 2,500-ஐத் தாண்டக் கூடாது. பச்சையாக உண்ணும் பயிர்களின் பாசனத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 1989-ல் சொன்ன வரம்பு 1,000. குடிநீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

வயலில் செய்ய வேண்டியவை

* கீரை, கொத்தமல்லி, வெள்ளரி, முள்ளங்கிக்குச் சாக்கடை கலந்த நீரைப் பாய்ச்சாதீர்கள். அந்த நீர்தான் உண்டு என்றால் தென்னை, தீவனப்புல் போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். தீவனத்தை வெயிலில் உலர்த்திப் போடுங்கள்.
* காய்கறிக்குச் சொட்டுநீர் அல்லது பார்ப் பாசனம் செய்து, இலையிலும் காயிலும் நீர் படாமல் பாருங்கள். அறுவடைக்குச் சில நாள் முன்பே நிறுத்துங்கள். வெயிலில் கிருமிகள் குறையும்.
* அறுத்த கீரைக்கட்டுகளை ஆற்றிலோ வாய்க்காலிலோ அலச வேண்டாம். நல்ல நீரில் வளர்ந்த கீரையும் இந்த ஒரு அலசலில் கெட்டுவிடும்.
* காலில் புண், சேற்றுப்புண் இருந்தால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள். சேற்றில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலைத் தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்தலாம். தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் கெடும்.

கிணற்று நீர்

2021 நவம்பரில் வந்ததுபோல் வெள்ளம் வந்து கிணற்றுக்குள் புகுந்தால், முதலில் சேற்று நீரை இறைத்துவிடுங்கள். பிறகு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளி நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்கள். அதன்பிறகும் காய்ச்சியே குடியுங்கள்.

காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் குரோமியமும் போகாது. எனவே தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் இரண்டு பரிசோதனையும் செய்யுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்தமான பாட்டிலிலேயே நீர் எடுத்து, அன்றே ஒப்படைக்க வேண்டும்.